மூழ்கிய வயலை உழுவதற்கு முன் குருத்தைப் பாருங்கள்

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளையில் ஆற்றோரமாக நான்கு ஏக்கர் வயல் செய்கிறேன். ஏ.ரி. 362 நெல், விதைத்து 38 நாள். கார்த்திகைக் கடைசி மழையோடு இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்த தண்ணீரும் சேர்ந்து, பயிர் நான்கு நாள் முழுக மூழ்கிக் கிடந்தது. இப்போதுதான் வடிகிறது. பயிர் தப்புமா? யூரியா எறியலாமா? முந்தி மூன்று மாதமும் பரவிப் பெய்த மழை, இப்போது வராமலே இருந்துவிட்டு இரண்டு நாளில் கொட்டுகிறது. அடுத்த காலபோகத்துக்கு (மழைக்கால நெற்செய்கைக்கு) விதைப்பை மாற்றவேண்டுமா, ஐயா?

பதில்: தம்பி, இலை பழுத்து சேறு படிந்து கிடப்பதைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள். வயலின் நாலைந்து இடத்தில் பயிரைப் பிடுங்கி, தண்டை அடியிலிருந்து நகத்தால் உரித்துப் பாருங்கள். உள்ளே குருத்து வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி, விரலில் வழுவழுத்து நாற்றம் அடித்தால் அந்த மட்டம் (கிளைத்தண்டு) போய்விட்டது. நான்கு நாள் என்பது பெரும்பாலும் தப்பக்கூடிய கணக்குத்தான். ஆனால் ஓடாமல் தேங்கி நின்ற கலங்கல் தண்ணீர் என்றால் சேதம் கூடும்.

தண்ணீரை ஒரேயடியாக வடித்து வயலைக் காயவிடாதீர்கள். நீருக்குள் கிடந்த இலை திடீர் வெயிலில் கருகும். இரண்டு விரல் தண்ணீர் நிற்கட்டும். யூரியா இப்போது வேண்டவே வேண்டாம். வேர் மூச்சுவிடத் தொடங்கிப் புது இலை வர ஒரு கிழமை பிடிக்கும். அதன் பிறகு கொஞ்ச யூரியாவோடு பொட்டாஷ் பசளையும் சேர்த்து எறியுங்கள். இலை ஓரம் மஞ்சளாகிக் காய்ந்துகொண்டு வந்தால் அது பக்ரீரியா இலை வெளிறலாக இருக்கலாம். அப்போது யூரியாவை இன்னும் தள்ளிப் போடுங்கள். இடைவெளி விழுந்த இடத்தில், அடர்ந்த இடத்துப் பயிரைப் பிரித்து நடலாம்.

பாதிக்கு மேல் செத்திருந்தால், மார்கழி நடுப்பகுதிக்குள் முளைகட்டிய பி.ஜி. 250 விதையுங்கள். இரண்டரை மாத நெல், குளமும் நிறைந்திருக்கிறது. மறுபடி உழுவதற்கு முன் படம் எடுத்து, கமநல சேவை நிலையத்தில் சேதத்தைப் பதிந்துவிடுங்கள். உழுத பிறகு காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

சரி, மழைக்கு வருவோம். நீங்கள் கண்டது மனப்பிரமை இல்லை. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். வங்கக்கடலும் சூடேறி வருகிறது. அங்கே தாழமுக்கம் ஒன்று உருவானால், அது கொண்டுவரும் நீர் முந்தியதைவிட அதிகம். அதனால் ஆண்டு மொத்த மழை பெரிதாக மாறாவிட்டாலும், அது விழும் விதம் மாறிவிடுகிறது. ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் உங்கள் ஒரு ஏக்கரில் மட்டும் நாலு இலட்சம் லீற்றர் தண்ணீர். எந்த வாய்க்கால் தாங்கும்?

உங்கள் தலைக்கு மேலே உள்ள வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் தொடங்கி வடக்கே ஓடி, இரணைமடுவை நிரப்பி, உங்களைத் தாண்டித்தான் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் விழுகிறது. 2018 மார்கழி வெள்ளத்தில் முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். ஆற்றின் மேற்பக்கமுள்ள புளியங்குளத்திலோ மாங்குளத்திலோ சொந்தக்காரர் யாராவது இருந்தால், நேரான சுவருள்ள பேணி ஒன்றை வெளியில் வைத்து மழை அளந்து சொல்லச் சொல்லுங்கள். குளம் நிறையும் தறுவாயில் அங்கே கனத்த மழை என்றால், இங்கே வெயில் எறித்தாலும் மோட்டரையும் பசளை மூடையையும் மேட்டுக்கு ஏற்றுங்கள்.

விதைப்பை மாற்றத்தான் வேண்டும், ஆனால் நாலு ஏக்கரையும் ஒரே நாளுக்குள் அடைக்காதீர்கள். மேட்டு வயலைப் புரட்டாதிக் கடைசியில் புழுதியில் விதையுங்கள். வெள்ளம் வரும்போது பயிர் உயர்ந்து தலை வெளியே நிற்கும். ஆனால் அந்த வயதுப் பயிர் குடலையை, அதாவது கதிர் தண்டுக்குள் திரளும் பருவத்தை, நெருங்கியிருக்கும். முழுக மூழ்கினால் இளம் பயிரைவிட மோசம். ஆகவே ஆற்றை ஒட்டிய பள்ளத் துண்டில் இதைச் செய்யவேண்டாம். அதை வெறுமனே விட்டு, பெருமழை ஓய்ந்ததும் இரண்டரை மாத நெல்லைப் போடுங்கள். இடையே ஐப்பசியில் வரட்சி வந்தால் புழுதி விதைப்பு அடிபடும், உண்மை. அதற்காக மேட்டுக்கு வேண்டிய விதையில் கால்வாசியை மறுபடி விதைக்கக் கையில் வைத்திருங்கள்.

இன்னொன்று, கரையில் நிற்கும் மருத மரங்களை யாரும் தறிக்க விடாதீர்கள். கரை அரித்தால் அடுத்த வெள்ளத்தில் ஆறு உங்கள் வரம்பைத்தான் முதலில் கொண்டுபோகும்.