ஒன்றரை லட்சத்தில் ஊருக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: கோவைப் புறநகரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். 60 பேர் வேலை செய்கிறார்கள். ஊருக்குத் தொடர்ந்து ஏதாவது செய்ய ஆசை. வருடத்துக்கு ஒன்றரை லட்சம் ஒதுக்க முடியும். இதற்கென்று தனியாக ஆள் போட வசதியில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்லும் சட்டத்தை நினைத்துக் கவலைப்படாதீர்கள். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றையாவது எட்டிய நிறுவனங்களுக்குத்தான் 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு. 2 சதவீதக் கணக்கு, அறிக்கை எதுவும் உங்களுக்குக் கிடையாது.

அடுத்து, பணத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு, உங்கள் ஷெட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், மோட்டாரின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லக்கூடியவர்கள். உங்கள் பகுதி அரசுப் பள்ளியில் இல்லாதது இவர்கள்தான்.

பொதுத்துறை நிறுவனங்கள் நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் 1.4 லட்சம் கழிப்பறைகள் கட்டியதாகக் கணக்குக் காட்டின. மத்தியத் தணிக்கைத் துறை அவற்றில் ஒரு பகுதியை நேரில் ஆய்வு செய்து 2020இல் அறிக்கை தந்தது. பார்த்த கழிப்பறைகளில் 72 சதவீதத்தில் உள்ளே தண்ணீர் வசதி இல்லை. 30 சதவீதம் பயன்பாட்டிலேயே இல்லை. கட்டிக்கொடுக்கப் பலர் வருவார்கள், திறப்பு விழாவும் நடக்கும். அதன் பிறகு ஒரு வாஷர் போனாலும் தலைமையாசிரியர் ஆள் தேடி அலைய வேண்டியதுதான். தண்ணீர் வராத கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். இதைச் சரிசெய்ய கோடிகள் வேண்டாம், தவறாமல் வரும் இரண்டு பேர் போதும்.

எனவே ஒரே ஒரு பள்ளியை எடுங்கள். தலைமையாசிரியரிடம் பேசி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. எது உண்மையில் ஓடவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஸ்மார்ட் வகுப்பறை கேட்டால், இப்போதைக்கு முடியாது என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். ‘மோட்டார், குழாய், மின்விசிறி, கதவுத் தாழ்ப்பாள் எங்கள் பொறுப்பு. மாதம் ஒருமுறை வருவோம். அவசரம் என்றால் இரண்டு நாளுக்குள் ஆள் வரும்’ என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கழிவுநீர்த் தொட்டியில் உங்கள் ஆட்கள் யாரும் ஒருபோதும் இறங்கக் கூடாது. சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது, உயிரும் போகும்.

போகிறவர்களைச் சம்பள நேரத்திலேயே அனுப்புங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தொழிலாளியின் சொந்த நாள். அதை வாங்கி முதலாளி பெயரில் தானம் செய்வது நியாயமில்லை. இருவர், மாதம் அரை நாள் என்றால் வருடத்துக்கு 12 ஆள் நாள்தான். உதிரிபாகச் செலவைச் சேர்த்தாலும் உங்கள் தொகையில் கணிசமாக மிஞ்சும்.

மிஞ்சுவதை அங்கங்கே நோட்டுப் புத்தகமாகப் பிரித்துக் கொடுத்துவிடாமல் சேர்த்து வையுங்கள். தமிழக அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்காகப் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு கட்டினால், மீதியை அரசு போடும். உங்கள் ஒரு லட்சம் மூன்று லட்ச ரூபாய் வேலையாக முடியும். மேல்நிலைத் தொட்டியோ சுற்றுச்சுவரோ தேவைப்படும்போது உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இன்னொன்றும் செய்ய நினைத்தால் ரத்ததான முகாம் வைக்கலாம், மே மாதத்தில். கல்லூரிகள் மூடியிருக்கும் அந்த நேரத்தில்தான் ரத்த வங்கிகளில் கையிருப்பு குறையும்.

பொறுப்பை யாரிடம் கொடுப்பது? மனிதவளப் பிரிவைவிட உங்கள் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரே பொருத்தம். கூடவே இன்னொருவரையும் பழக்குங்கள்; சூப்பர்வைசர் வேலை மாறிப் போனால் திட்டமும் போய்விடக் கூடாது. பிள்ளைகளை நிற்க வைத்துப் படம் எடுப்பது, பெயர்ப் பலகை மாட்டுவது இரண்டும் வேண்டாம்.

தலைமையாசிரியர் அறையில் ஒரு நோட்டு இருக்கட்டும். புகார் சொன்ன தேதி, சரிசெய்த தேதி, அவ்வளவுதான் எழுத வேண்டும். ஒரு வருடம் கழித்துப் புரட்டிப் பாருங்கள். இரண்டு தேதிக்கும் இடையே நாள் கூடிக்கொண்டே போயிருந்தால், இரண்டாவது பள்ளியை இப்போதைக்குத் தொடாதீர்கள்.