"இன்னிக்கு என்ன படிச்சே?" - வகுப்பு இணையதளம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: என் ஐந்தாம் வகுப்புக்கென்று ஓர் இணையதளம் வைத்திருக்கிறேன். கால அட்டவணை, வீட்டுப்பாடம், விழாப் படங்கள் எல்லாம் போடுகிறேன். முதல் மாதம் பெற்றோர் பார்த்தார்கள். இப்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. என்ன குறை?

பதில்: கால அட்டவணையை ஒருமுறை பார்த்தால் போதும். வீட்டுப்பாடம் நோட்டிலேயே இருக்கிறது. விழாப் படத்தில் தன் பிள்ளை நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது. வகுப்பில் பிள்ளை எதை யோசித்தது, எங்கே தடுமாறியது, எப்படித் தெளிந்தது என்பதுதான் பெற்றோருக்கு வேறு எங்கும் கிடைக்காத செய்தி. உங்கள் தளத்தில் அது வர வேண்டும்.

பின்னம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "3ஐவிட 4 பெரிசு, அதனால 1/3ஐவிட 1/4தான் பெரிசு" என்று பல பிள்ளைகள் சொல்வார்கள். முழு எண்களிலேயே பழகிய மனம் அப்படித்தான் போகும். அந்தப் பதிலைத் திருத்தாமல் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே நீளமுள்ள 2 தாள்பட்டைகளில் ஒன்றை 3 சம பாகமாகவும் மற்றதை 4 சம பாகமாகவும் மடித்து, அருகருகே வைத்து ஒரு படம் எடுங்கள். கடைசியாக, அதைப் பார்த்தபின் பிள்ளை சொன்ன விளக்கம்: "நிறைய பேருக்குப் பிரிச்சா பங்கு சின்னதாயிடும்." முதல் எண்ணம், செய்து பார்த்தது, மாறிய எண்ணம். இவ்வளவுதான் ஒரு பதிவு. மொத்தம் 150 சொற்களைத் தாண்ட வேண்டாம். படம் 2 அல்லது 3 போதும்.

பதிவின் அடியில் வீட்டில் கேட்பதற்கு ஒரே ஒரு கேள்வி கொடுங்கள். "1/5 பெரிசா, 1/6 பெரிசா? மடிக்காமலே எப்படிச் சொல்லுவே?" என்பது போல. "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். குறிப்பான கேள்விக்குத்தான் பிள்ளை வாய் திறக்கும். பெற்றோர் அடுத்த வாரமும் தளத்துக்கு வருவது அந்தக் கேள்விக்காகத்தான்.

இத்தாலியில் ரெஜியோ எமிலியா நகரின் மழலையர் பள்ளிகள், இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, குழந்தைகள் பேசியதையும் செய்ததையும் எழுத்தாகவும் படமாகவும் சுவரில் வைத்துக் காட்டின. குழந்தையின் சொற்களைப் பெரியவர்கள் மெருகேற்றாமல் வைப்பது அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம். கையெழுத்தைப் படமாகப் போட்டால் அதே வாசகத்தைக் கீழே தட்டச்சு செய்யுங்கள். பார்வைக் குறையுள்ள பெற்றோரின் மொபைல் அதை வாசித்துக் காட்டும், தேடினாலும் கிடைக்கும்.

கேள்வி: பிள்ளைகளின் படங்களைப் போடப் பயமாக இருக்கிறது. எந்த அளவுக்குக் கவனம் தேவை?

பதில்: அந்தப் பயம் நியாயமானது. முகமே வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். கற்றலைக் காட்ட கையும் தாளும் போதும். முகத்தைவிட அவைதான் அதிகம் சொல்லும். அப்போதும் பெற்றோரிடம் ஆண்டுத் தொடக்கத்தில் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்குங்கள். படம், குரல், எழுதிய தாள் மூன்றுக்கும் தனித்தனியாக "ஆம் / இல்லை" இருக்கட்டும். பிள்ளையிடமும் கேளுங்கள். தன் தவறான முதல் பதில் ஊருக்குத் தெரிவதை விரும்பாத பிள்ளை உண்டு. அதற்கு "வேண்டாம்" சொல்லும் உரிமையும் உண்டு.

பெரும்பாலும் கோட்டைவிடுவது சின்ன விஷயங்களில்தான். நோட்டின் லேபிள், அடையாள அட்டை, பின்னால் கரும்பலகையில் எழுதிய பெயர்ப் பட்டியல் எல்லாம் படத்தில் விழுந்துவிடும். கோப்பின் பெயரிலேயே பிள்ளையின் பெயர் இருக்கும். ஆவணத்துக்குள் படத்தை வைத்து வெட்டினால் வெட்டிய பகுதி உள்ளேயே தங்கி, வேறொருவர் மீட்டெடுக்கக்கூடும். ஆகவே படத்தை முதலில் தனியாக வெட்டிச் சேமித்துவிட்டு அதன்பின் ஏற்றுங்கள். மொபைல் கேமராவில் இடக்குறிப்பு இயங்கினால் படம் எடுத்த இடம் கோப்புக்குள் பதிவாகும். அமைப்புகளில் அதை அணைத்து வையுங்கள். பெயருடன் மதிப்பெண் போடவே கூடாது.

இன்னொன்று: நன்றாகச் செய்யும் அதே 5 பேரின் வேலையே திரும்பத் திரும்ப வரும். வகுப்புப் பட்டியலில் டிக் போட்டுக்கொண்டே வந்தால், ஒரு பருவத்துக்குள் ஒப்புதல் தந்த எல்லாருடைய வேலையும் ஒருமுறையாவது இடம்பெற்றுவிடும்.

கேள்வி: மகனின் ஆசிரியர் அனுப்பும் லிங்க்கைத் திறந்தால் "அனுமதி தேவை" என்று வருகிறது. அவருக்கு மட்டும் திறக்கிறதாம். ஏன்?

பதில்: அவர் தன் கணக்கில் உள்நுழைந்த நிலையில் பார்க்கிறார், அதனால் அவருக்குத் திறக்கிறது. இணையதளம் அமைக்க உதவும் கூகுள் சைட்ஸில் தளத்தை வெளியிட்டாலும், அதில் பதித்த கூகுள் டிரைவ் கோப்பின் அனுமதி தானாக மாறாது. பள்ளிக் கணக்கென்றால் அந்த நிறுவனத்தாருக்கு மட்டும் என்று பூட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. கோப்பின் பகிர்வு அமைப்பில் "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்று மாற்றச் சொல்லுங்கள். அப்படி மாற்றினால் லிங்க் யார் கையில் போனாலும் திறக்கும் என்பதால், பிள்ளைகளின் விவரம் உள்ள கோப்புக்கு இது கூடாது. அனுப்புமுன் மொபைலில் இன்காக்னிட்டோ சாளரத்தில் (கணக்கில் உள்நுழையாத நிலையில் திறக்கும் சாளரம்) ஒருமுறை திறந்து பார்த்தால் ஆசிரியருக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: இதற்கெல்லாம் நேரம் எங்கே?

பதில்: வாரம் ஒரே பதிவு, ஒரே பாடம், ஒரே வார்ப்பு. தினமும் போடத் தொடங்கியவர்கள்தான் சீக்கிரம் நிறுத்திவிடுகிறார்கள். வாரம் 2 மாணவர்களைக் குறிப்பாளர்களாக வையுங்கள். "முதலில் என்ன நினைத்தோம்? என்ன செய்தோம்? இப்போது என்ன நினைக்கிறோம்?" என்ற 3 வரிகளை அவர்கள் தாளில் எழுதட்டும். உங்கள் வேலை சரிபார்த்து ஏற்றுவது. மாணவர் கைக்குக் கடவுச்சொல் போக வேண்டாம்.

3 முதல் 5 எம்பி வரை இருக்கும் மொபைல் படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஏற்றுங்கள்; பெரும்பாலும் சில நூறு கேபிக்குள் வந்துவிடும், மெதுவான இணைப்பிலும் திறக்கும். பாடத்தைப் பிடிஎஃப் கோப்பாகத் தொங்கவிடாமல் பக்கத்திலேயே எழுதுங்கள். சின்னத் திரையில் பிடிஎஃப்பை இழுத்து இழுத்துப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. புதிய பதிவு மேலே வரட்டும். பழையவற்றைப் பாடவாரியாகத் தனிப் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பழைய கோப்பிலிருந்து ஒட்டிய தமிழ் எழுத்துகள் தளத்தில் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறித் தெரிகின்றன.

பதில்: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பாக இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அப்படித்தான் தெரியும். பழைய எழுத்துருவைப் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றியில் போட்டு மாற்றியபின் ஒட்டுங்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடுவதுண்டு. கெ, கொ, கௌ வரும் இடங்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.