பிள்ளைகளுக்குக் கரண்டு பற்றிச் சொல்லிக்கொடுக்க ஒரு பழைய சைக்கிள் போதும்

உங்கள் மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. மின்சாரம், புதுப்பிக்கக்கூடிய சக்தி இதையெல்லாம் வீட்டிலேயே செய்து காட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அறிவியல் கிட் வாங்கலாமா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிட் இப்போது வேண்டாம். டைனமோ (சக்கரத்தோடு சுற்றி விளக்குக்குக் கரண்டு உண்டாக்கும் சின்ன ஜெனரேட்டர்) வைத்த பழைய சைக்கிள் ஒன்றைத் தேடுங்கள், அதிலிருந்து தொடங்கலாம்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் சார்ஜ்மேன், அதாவது மின்சார வேலைகளைப் பார்த்துக்கொள்பவன். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தாமான் (குடியிருப்பு) கோயில் மண்டபத்துக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருவார்கள், பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர் லய வீடுகளை விட்டு வெளியே வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். தொடர் மின்சுற்று, இணை மின்சுற்று எல்லாம் பள்ளியில் படித்திருப்பார்கள், படமும் அழகாகப் போடுவார்கள். ஆனால் கரண்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கை நேராகச் சுவரில் இருக்கும் பிளக்கைக் காட்டும். அவர்கள் மேல் தப்பே இல்லை. கண்ணுக்குத் தெரியாத, தொட்டுப் பார்க்கவும் முடியாத ஒன்றை வெறும் படத்தில் எப்படிப் புரிந்துகொள்வது? அதை உண்டாக்குவது எவ்வளவு கனமான வேலை என்று முதலில் கைக்குத் தெரிய வேண்டும், பாடம் அப்புறம் தானாக உள்ளே போகும்.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டும் ஹேண்டிலும் தரையில் படும்படி வையுங்கள். பின்சக்கரத்தில் டைனமோ இருந்தால் வசதி. டைனமோவுக்கும் விளக்குக்கும் நடுவில் ஒரு சின்ன சுவிட்ச் போட்டுவிடுங்கள், பல்பு பழைய மாதிரி இழை பல்பாக இருக்கட்டும். இப்போது ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு பெடலைக் கையால் சுற்ற வேண்டும், இன்னொரு பிள்ளை சத்தம் போடாமல் சுவிட்சைத் தட்டித் தட்டிப் போட்டுப் போட்டு அணைக்க வேண்டும். விளக்கு எப்போது எரிகிறது என்று சுற்றுகிற பிள்ளைதான் சொல்ல வேண்டும். முதல் தடவை இதைச் செய்தபோது நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சுற்றினாள். சுவிட்சைப் போட்டதும் அவள் முழங்கை ஒரு கணம் தயங்கியது, "அங்கிள், இப்ப எரியுது!" என்று கத்தினாள். ஐந்து தடவையில் ஐந்தும் சரி. விளக்கு எரியும்போது பெடல் கனக்கிறது, அணைந்தால் லேசாகிறது. டயரில் டைனமோ உரசுவது இரண்டு நேரத்திலும் ஒன்றுதான், கூடின கனம் பல்பு வாங்கிக்கொண்டது. இதைக் கையால் உணர்ந்த பிள்ளைக்கு மின்சாரம் சும்மா வருவதில்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஆலையிலும் இதேதான் நடக்கிறது. செம்பனைப் பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரையும் கொட்டையின் ஓடுகளையும் கொதிகலனில் எரிக்கிறோம், அந்த நீராவி டர்பைன் என்கிற இறக்கைச் சக்கரத்தைச் சுற்றுகிறது, டர்பைன் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. பெரிய மோட்டார் ஒன்றை ஓட்டிவிட்டால் டர்பைன் ஒரு மயிரிழை மெதுவாகும், உடனே வால்வு திறந்து கூடுதல் நீராவி உள்ளே போகும். அந்தச் சத்த மாற்றம் எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். பிள்ளையின் முழங்கை தயங்கியது என்றேனே, அதுவும் இதுவும் ஒன்று.

அடுத்து மகனைக் கணக்குப் போட விடுங்கள். சைக்கிள் டைனமோ பெரும்பாலும் 6 வோல்ட், 3 வாட். வீட்டுக் கெட்டிலைத் திருப்பி அடியில் பார்க்கச் சொல்லுங்கள், 2000 வாட் என்ற மாதிரி போட்டிருக்கும். அப்படியென்றால் அந்தக் கெட்டிலுக்கு 660 சைக்கிளுக்கு மேல் வேண்டும்! கரண்டு பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம். 3 வாட் டைனமோவை ராத்திரி பகல் விடாமல் சுற்றினால் அந்த ஒரு யூனிட் சேர ஏறக்குறைய 14 நாள் ஆகும், அதற்கு நாம் கட்டுவது ஒரு ரிங்கிட்கூட இல்லை. இந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்கு ஒரு பையன் வீட்டுக்குப் போய் எல்லா ஃபேனையும் நிறுத்திவிட்டான் என்று அவன் அம்மா வந்து சொன்னார்.

அன்றைக்கு மண்டபத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, அவர் இருந்த தோட்டத்தில் ஜெனரேட்டர் ராத்திரி பத்து மணிக்கு நின்றுவிடும், அதற்குள் சமைத்து, துணி தேய்த்து, பாடம் படித்து முடிக்க வேண்டும் என்றார். ஏன் நிறுத்தினார்கள் என்று பேத்தி கேட்டாள். "டீசல் காசு ஆச்சே, கண்ணு." பிள்ளைகள் எல்லாரும் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

புதுப்பிக்கக்கூடிய சக்தியை இந்த இடத்தில்தான் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் இப்போது கேள்வி சுலபமாகிவிட்டது: பெடலை யார் சுற்றுவது? கோலகங்சாரைத் தாண்டி இருக்கிற செண்டேரோ அணையில் 1930-லிருந்து பேராக் ஆற்றுத் தண்ணீர் சுற்றுகிறது. மஞ்சோங் மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்துக் கிடைக்கும் நீராவி சுற்றுகிறது. நாட்டில் நாம் பயன்படுத்தும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் வருகிறது, இதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். ஆலையில் நார் எரிக்கும்போது புகை வராதா என்று கேட்டால், வரும் என்றே சொல்லுங்கள். மரம் மறுபடி காய்க்கும், நிலக்கரி மறுபடி விளையாது, அந்த வித்தியாசம் அவர்களுக்கு நன்றாகவே புரிகிறது.

இன்னொரு கதையும் சொல்வேன், பத்துமலையைத் தெரியாத பிள்ளை இல்லையே. அந்தக் கோயிலை உண்டாக்கிய தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூ என்ற சீனத் தொழிலதிபரும்தான் 1894-ல் ரவாங்கில் ஈயச் சுரங்க வேலைக்கு ஜெனரேட்டர் வைத்தவர்கள். மலாயாவில் மின்சாரம் தொடங்கியதே அங்கேதான் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சூரிய ஒளி மட்டும் தனி, அங்கே பெடலே கிடையாது. தோட்டத்தில் குத்தி வைக்கும் சோலார் விளக்கு மலிவுக் கடைகளில் கிடைக்கும், ஒன்று வாங்கித் திருகைக் கழற்றுங்கள். உள்ளே வெளிச்சத்தைக் கரண்டாக்கும் ஒரு சின்னத் தகடு, சார்ஜ் ஏறும் பேட்டரி, எல்.இ.டி., கட்டைவிரல் அளவு சர்க்யூட், அவ்வளவுதான். வெயிலில் வைத்துத் தகட்டை உள்ளங்கையால் பொத்தினால் விளக்கு எரியும், பிள்ளைகளுக்கு அது மந்திரம் மாதிரி இருக்கும். இருட்டிவிட்டதை அது எப்படித் தெரிந்துகொள்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். அப்புறம் கொஞ்சம் பெரிய தகட்டில், பொம்மைக் காரிலிருந்து எடுத்த மோட்டாரை இணைத்து, அதில் காகித விசிறி ஒன்றை ஒட்டுங்கள். தகட்டில் கோடு கோடாகப் பிரிந்த பகுதிகளில் ஒன்றை முழுசாக மறைத்தாலே விசிறி நின்றுவிடும், ஒன்றன்பின் ஒன்றாக இணைந்ததில் ஒன்று நின்றால் எல்லாமே நிற்கும், தொடர் மின்சுற்று என்று படித்தது இங்கே கண்ணுக்குத் தெரியும்.

வெயில் சூட்டில்தான் கரண்டு வருகிறது என்று பெரியவர்களே நினைக்கிறார்கள். இருட்டான அறையில் தகட்டுக்கு ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள், விசிறி அசையாது (விசிறியைத் தள்ளி வையுங்கள், அந்தக் காற்றிலேயே சுற்றிவிடும்). வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் வெயிலில் காய்ந்த தகட்டின் முதுகில் ஈரத்துணி ஒற்றிப் பாருங்கள், வோல்ட் கொஞ்சம் ஏறும். நம் ஊர் வெயிலில் வெளிச்சம் லாபம், சூடு நஷ்டம்.

எலுமிச்சை பேட்டரியும் செய்யலாம். செம்புக் கம்பியும் துத்தநாகம் பூசிய ஆணியும் ஒன்றையொன்று தொடாமல் குத்தினால் ஒரு பழத்துக்கு 0.9 வோல்ட் பக்கம் வரும், சிவப்பு எல்.இ.டி. மங்கலாக எரிய மூன்று நான்கு பழத்தைத் தொடராக இணைக்க வேண்டும். பழத்துக்குள் கரண்டு இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கரைந்துபோகும் துத்தநாகம்தான் சக்தியைத் தருகிறது, புளிப்பு அதற்கு வழி விடுகிறது. முடிந்ததும் அந்தப் பழத்தைக் குப்பையில் போடுங்கள், ஜூஸ் போடக் கூடாது.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. சுவர் பிளக் பக்கம் எந்தச் சோதனையும் கிடையாது. ஹேண்ட்போன், பவர்பேங்க் பேட்டரியைப் பிரிக்கக் கூடாது. பொத்தான் பேட்டரி உங்கள் மகள் கைக்கு எட்டவே கூடாது, விழுங்கினால் உள்ளேயே அரித்துவிடும். ஒருமுறை நான் 9 வோல்ட் பேட்டரியை மேசையில் விட்டுவிட்டுத் திரும்ப, ஒரு பையன் எல்.இ.டி.யை நேரடியாக அதில் வைத்துவிட்டான். பட்டென்று வெடித்து, துண்டு கண்ணுக்குப் பக்கத்தில் போனது. அன்றிலிருந்து 9 வோல்ட் என்றால் கரண்டை மட்டுப்படுத்தும் 470 ஓம் ரெசிஸ்டரை எல்.இ.டி.யில் முதலிலேயே ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன், எல்லாருக்கும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் உண்டு.

மகளுக்கு ஆறு வயதுதானே, வாட் கணக்கெல்லாம் வேண்டாம். சுவிட்ச் தட்டுகிற வேலையை அவளுக்குக் கொடுங்கள். அண்ணன் கண்ணை மூடிச் சுற்றட்டும், அவனை ஏமாற்ற முடிகிறதா என்று அவள் பார்க்கட்டும். டைனமோ கிடைக்கவில்லை என்றால் பழைய இரும்புக் கடையில் கேளுங்கள், எனக்கு அங்கேதான் கிடைத்தது, துருவைத் துடைத்துவிட்டுச் சுற்றியதும் எரிந்தது.