வாசல்ல அழுறதை வெச்சு முடிவு எடுக்காதீங்க

"அக்கா, இங்கிலாந்து வந்து எட்டு மாசம் ஆகுது. பொண்ணுக்கு ரெண்டே முக்கால் வயசு, நர்சரியில சேர்த்து நாலு மாசம். காலையில விடும்போது தினமும் அழறா. அங்க ஒரு வார்த்தை பேசறதில்லையாம். போன வாரம் கையில கடிச்ச தடம், யார் கடிச்சதுன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. ஃப்ரெண்டோட குழந்தை போற நர்சரிக்கு அரசு சோதனையில அவுட்ஸ்டாண்டிங் பட்டமாம், அங்க மாத்திடலாமா? மூணு வயசானா வாரம் 30 மணி நேரம் இலவசம், அதுவரைக்கும் பொறுன்னு வீட்டுக்காரர் சொல்றார். அப்புறம் டிரைவிங் லைசென்ஸ், கார் சீட், எந்த ஏரியாவுல வீடு பார்க்கலாம்னும் சொல்லுங்க."

லைசென்ஸ், வீடு ரெண்டையும் விடுங்கம்மா. அதுக்குப் பதில் சொல்ல ஊரே திரண்டு வரும். நர்சரி விஷயத்துலதான் எனக்குப் பழைய காயம் இருக்கு.

2009 ஜனவரியில தெற்கு லண்டன் க்ராய்டன்ல வந்து இறங்கினோம். பிப்ரவரி 2-ஆம் தேதி கொட்டின பனியில லண்டன்ல பஸ்ஸே ஓடலை. நர்சரியும் மூடிட்டாங்க, ஆனா அந்த நாளுக்கும் ஃபீஸ் உண்டுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அப்போ பையனுக்கு ரெண்டரை வயசு தாண்டியிருந்தது. ஊர்ல டயப்பரே விட்டாச்சு, பெருமையா கொண்டுவந்து சேர்த்தேன். தினமும் சாயங்காலம் அவன் பைக்குள்ள ஒரு பிளாஸ்டிக் கவர், அதுக்குள்ள ஈர பேன்ட். முடிச்சுப் போட்ட அந்தக் கவரைப் பார்த்தாலே எனக்கு வயித்தைப் பிசையும். ரெண்டாவது வாரம், "இவன் இன்னும் தயாராகலை, நாப்பி போட்டே அனுப்புங்க"ன்னு சொல்லிட்டாங்க.

பத்து வருஷம் முன்னாடியே வந்து செட்டிலான ஒரு தமிழ்க் குடும்பம் பக்கத்துத் தெருவுல இருந்தாங்க. எதைக் கேட்டாலும் அவங்க வாங்கினதுதான் சரி, நாம வாங்கினது ஏமாந்தது. "அந்த நர்சரியா? ஐயோ! எங்க பாப்பா போறது அவுட்ஸ்டாண்டிங்"னு ஆரம்பிச்சாங்க. நானும் ஆறே வாரத்துல மாத்தினேன். டெபாசிட் போச்சு, நோட்டீஸ் காலம் நாலு வாரத்துக்கு ரெண்டு இடத்துலயும் பணம் கட்டினோம். புது இடத்துல முதல் நாள் சாயங்காலம் பையைத் திறக்கிறேன், அதே முடிச்சுப் போட்ட கவர்.

அங்க அவனுக்குக் கீ பெர்சனா, அதாவது அவனைத் தனியா கவனிச்சுக்கற ஊழியரா, இருந்தது ஒரு வயசான அம்மா. ரெண்டாவது வாரம் என்னை ஓரமா கூப்பிட்டு, "பாத்ரூம் வந்தா வீட்டுல என்ன சொல்லுவான்?"னு கேட்டாங்க. "மூச்சா"ன்னேன். அவங்க முகம் மாறிச்சு. ரெண்டு வாரமா அவன் அவங்க முட்டியைப் பிடிச்சுக்கிட்டு அதைத்தான் சொல்லிட்டு இருந்திருக்கான். யாரையோ பேர் சொல்லித் தேடறான்னு நினைச்சிருக்காங்க. அன்னைக்கே ஒரு அட்டையில பத்து வார்த்தை எழுதிக் குடுத்தேன். தண்ணி, வலிக்குது, போதும், தூக்கு, மூச்சா... பக்கத்துலயே இங்கிலீஷ் எழுத்துல உச்சரிப்பு. ஒரே வாரத்துல கவர் நின்னுபோச்சு.

நர்சரி மாத்தினதால சரியாச்சுன்னு தோணும். இல்லைம்மா. பழைய இடத்துல யாரும் கேட்கலை, சரி. நானும்தான் சொல்லலை. அந்த அட்டையை முதல் நாளே குடுத்திருந்தா ரெண்டு இடத்துக்கு அலைஞ்சிருக்க வேண்டாம். நடுவுல பிள்ளைதான் புது முகம், புது வாசனை, புது தூங்கற பாய்னு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சான். அஞ்சு மாசம் அங்க வாயே திறக்கலை. அப்புறம் ஒருநாள் தண்ணித் தொட்டிகிட்ட இன்னொரு பையனைத் தள்ளிட்டு "மை டர்ன்"னானாம். அந்த அம்மா கேட்டுக்கு ஓடி வந்து சொன்னாங்க. தள்ளினதுக்கு நான் திட்டியிருக்கணும், திட்டலை.

அதனால உங்க பொண்ணு பேசாததை நர்சரியோட குத்தமா உடனே எடுத்துக்காதீங்க. ரெண்டாவது மொழிக்குள்ள திடீர்னு போற குழந்தைங்க பல பேர் கொஞ்ச மாசம் வெறுமனே கேட்டுக்கிட்டே இருப்பாங்க. வீட்டுல தமிழ்ல சரளமா பேசறாளா? அப்போ பொறுங்க. வீட்டுலயும் பேச்சு குறைவா இருந்தா அது வேற. ஹெல்த் விசிட்டர்கிட்ட, அதாவது சின்னக் குழந்தைங்க வளர்ச்சியைப் பார்க்கற நர்ஸ்கிட்ட, பேசுங்க, ரெண்டு, ரெண்டரை வயசுல பண்ற ரிவ்யூ விட்டுப்போயிருந்தா கேட்டு வாங்குங்க. நர்சரியும் ரெண்டு வயசுக்கும் மூணு வயசுக்கும் நடுவுல முன்னேற்றத்தைப் பத்தி எழுத்துல ஒரு சுருக்கம் உங்களுக்குத் தரணும். அதையும் கேளுங்க.

இதுல என்னைக் கோபப்படுத்தறது நம்ம ஆளுங்கதான். நர்சரியில பேச மாட்டேங்கறான்னதும் வீட்டுல தமிழை நிறுத்திடுவாங்க. அரைகுறை இங்கிலீஷ்ல பிள்ளைகிட்ட "கம், ஈட், ஸ்லீப்"னு மூணு வார்த்தையில குடும்பம் நடத்துவாங்க. இங்கிலாந்து நர்சரிகளுக்கான விதிமுறையிலயே, வீட்டு மொழியை விளையாட்டுலயும் கத்துக்கறதுலயும் பயன்படுத்த வாய்ப்பு குடுக்கணும்னு இருக்கு. அவங்களே வேண்டாம்னு சொல்லாததை நாம ஏன் விடணும்?

அழுகைக்கு வர்றேன். விட்டுட்டு உடனே ஓடாம வேலி ஓரமா ஒரு நாள் நில்லுங்க. நான் தூறல்ல குடையில்லாம நின்னிருக்கேன். என்னைப் பார்த்து உலகமே இடிஞ்ச மாதிரி அழுதவன், ரெண்டு நிமிஷத்துல மூக்கைக்கூட துடைக்காம ஜக்குல இருந்து ஜக்குக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தான். எனக்கு நிம்மதி பாதி, அவமானம் பாதி. வாசல் அழுகை நமக்கானது. ஷூவை எடுத்தாலே கட்டிலுக்கடியில போய் ஒளிஞ்சுக்கறது, ராத்திரி அலறி எழுந்துக்கறது, போய்க்கிட்டிருந்த பாத்ரூம் பழக்கம் மறுபடி கெடறதுன்னு வீட்டுக்குள்ளயும் தொடர்ந்து வந்தா அது வேற கணக்கு.

கடிச்ச குழந்தையோட பேரை எந்த நர்சரியும் பொதுவா சொல்லாது. உங்க பொண்ணு நாளைக்கு யாரையாவது கடிச்சா அந்த வழக்கம் உங்களையும் காப்பாத்தும். அடிபட்டா அன்னைக்கே, இல்லைன்னா முடிஞ்ச சீக்கிரம் சொல்லணும், எழுதி வைக்கணும்ங்கறது சட்டம். அந்தப் பேப்பரைக் கேளுங்க. அந்த நேரம் ரூம்ல எத்தனை பெரியவங்க இருந்தாங்கன்னு கேளுங்க. ரெண்டு வயசுக்காரங்களுக்கு அஞ்சு பேருக்கு ஒரு ஆள் இருக்கணும். 2023 செப்டம்பருக்கு முன்னாடி நாலு பேருக்கு ஒருத்தர். கேள்விக்கு நேரா பதில் வந்தா நல்ல இடம்.

நான் மாத்தியிருக்க வேண்டிய நேரத்துல மாத்தாமலும் இருந்திருக்கேன். 2013-ல சின்னவளை ஸ்டேஷன் பக்கத்துல ஒரு நர்சரியில விட்டேன். அப்போ நான் ரொம்ப அனுபவசாலியாம், புதுசா வந்தவங்களுக்கெல்லாம் "பதறாதீங்க"ன்னு உபதேசம் வேற. ஆறு மாசத்துல மூணு கீ பெர்சன் மாறினாங்க. நான் பெருசா எடுத்துக்கலை. டைரியில தினமும் ஒரே வரி, "நல்லா விளையாடினாள், நல்லா சாப்பிட்டாள்". ஒருநாள் காய்ச்சலா இருந்ததால காலையிலயே நானே சோறு ஊட்டி, மத்தியானம் திரும்பக் கூட்டிட்டு வந்தேன். அன்னைக்கு டைரியிலயும் "டீ நல்லா சாப்பிட்டாள்"னு இருந்துச்சு. டீன்னா இங்க சாயங்காலச் சாப்பாடு, அவங்க அதைக் குடுக்கறது நாலு மணிக்கு. "அங்க உன்னை யார் தூக்குவாங்க?"ன்னு சின்னவகிட்ட கேட்டேன். தோளைக் குலுக்கினா. ஒரு பேர் வரலை. அதுக்கப்புறமும், ஸ்டேஷன் பக்கம்ங்கற ஒரே காரணத்துக்காக ஒரு மாசம் இழுத்தேன். புது இடத்துல ரெண்டு வாரத்துல பழகிட்டா.

அவுட்ஸ்டாண்டிங் பத்தி ஒரே வார்த்தை. 2025 நவம்பர்ல இருந்து, நர்சரிகளைச் சோதிக்கற அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட் அந்த ஒத்தை வார்த்தைப் பட்டத்தையே நிறுத்திட்டு, தலைப்பு தலைப்பா அறிக்கை தருது. உங்க ஃப்ரெண்டு சொல்றது பழைய சோதனை. தேதியைப் பாருங்க, அன்னைக்கு இருந்த மேனேஜர் இன்னும் இருக்காங்களான்னு கேளுங்க.

வீட்டுக்காரர்கிட்ட இதையும் சொல்லிடுங்க. 2025 செப்டம்பர்ல இருந்து, தகுதியுள்ள வேலை பார்க்கற பெத்தவங்களுக்கு அந்த 30 மணி நேரம் குழந்தைக்கு ஒன்பது மாசத்துல இருந்தே உண்டு, மூணு வயசு வரைக்கும் பொறுக்க வேண்டியதில்லை. ஆனா ரெண்டு பேர் விசாவுலயும் அரசு உதவி கிடையாதுன்னு போட்டிருந்தா அந்த 30 மணி நேரம் உங்களுக்கு வராது. மூணு வயசுக்காரங்க எல்லாருக்கும் பொதுவான வாரம் 15 மணி நேரம் உண்டு. அதுவும் பிறந்தநாளன்னைக்கு இல்லை, மூணு வயசு முடிஞ்சு அடுத்த டெர்ம்ல இருந்து, வருஷத்துக்கு 38 வாரம். டெர்ம் நடுவுல மாத்தினா அந்த மணி நேரம் கூடவே வருமான்னு ரெண்டு இடத்துலயும் கேட்டுக்குங்க. நோட்டீஸ் எத்தனை வாரம்னு ஒப்பந்தத்துல இருக்கும், கையெழுத்துப் போட்ட அன்னைக்கு நாம யாரும் படிக்கறதில்லை. ஸ்கூலோட ஒட்டின நர்சரின்னா, அங்க படிச்சா ரிசப்ஷன்ல, அதாவது ஸ்கூலோட முதல் வகுப்புல, சீட் உறுதின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அதுக்குத் தனியா ஜனவரி 15-க்குள்ள விண்ணப்பிக்கணும்.

கார் சீட் பத்தி என் வீட்டுக்காரர்கிட்ட கேட்டா ஒரு மணி நேரம் பேசுவார், வேண்டாம்.

இந்த வாரம் பத்து வார்த்தை எழுதி அவ கீ பெர்சன் கையில குடுங்க. சேர்த்ததுல இருந்து அந்த ரூம்ல எத்தனை முகம் மாறியிருக்குன்னு எண்ணுங்க. எண்ணிக்கையைச் சொல்லுங்க, மாத்தலாமா வேண்டாமான்னு அப்புறம் பேசுவோம்.