கடைக்கு வராத சைக்கிள்கள்: கேள்வி பதில்

எழுபதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை நாகர்கோவில் வடசேரியில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தவன் நான். பஞ்சர் ஒட்டுவதில் தொடங்கி, புதுச் சைக்கிள் பூட்டுவது வரை எல்லா வேலையும் செய்திருக்கிறேன். இன்டர்நெட் வருவதற்கு முன்னால் நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் எந்தெந்தச் சைக்கிளுக்கு ஏங்கினார்கள், அதையெல்லாம் எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்று கேளுங்கள், சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

தக்கலையிலிருந்து: அண்ணே, கூகுள் இல்லை, யூடியூப் இல்லை. இப்படி ஒரு சைக்கிள் உலகத்தில் இருக்கிறது என்பதே எப்படித் தெரியும்?

பாதி தெரியாது தம்பி. தெரிந்த பாதியும் துண்டு துண்டாகத்தான் வந்து சேரும். வாரப் பத்திரிகையின் பின்அட்டை விளம்பரம், கம்பெனி கடைக்கு அனுப்பும் காலண்டர், சுவரில் அடித்த தகரப் பலகை, இவ்வளவுதான். இங்கிலீஷ் பத்திரிகை வாங்கும் வீடு என்றால் ஸ்போர்ட்ஸ்டார் இருக்கும். 1978-இல் தொடங்கிய பத்திரிகை அது. கிரிக்கெட்டுக்கு நடுவே எப்போதாவது ஒரு சைக்கிள் பந்தயப் படம் வரும். அதைப் பையன் வெட்டி எடுத்துக்கொள்வான். பின்பக்கத்தில் இருந்த கவாஸ்கருக்குத் தலை போயிருக்கும், அண்ணன்காரனிடம் அடி கிடைக்கும். திருவனந்தபுரம் போய் வருகிறவர்களுக்கு அங்கே பிரிட்டிஷ் கவுன்சில் நூலகம் இருந்தது. கலைக்களஞ்சியத்தில் சைக்கிள் பக்கத்தைப் பார்த்து நோட்டில் வரைந்துகொண்டு வந்த கல்லூரிப் பையன்களை எனக்குத் தெரியும்.

ஆனால் நிறையக் கற்றுக்கொண்டது டீக்கடை வாசலில்தான். யாரோ சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போயிருப்பார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். செயின் வீலைப் பார்த்தே கம்பெனி சொல்லிவிடுவார்கள். பிஎஸ்ஏ என்றால் அந்த மூன்று எழுத்தும் செயின் வீலிலேயே வெட்டியிருக்கும். ராலி என்றால் கொக்குத் தலை. பிஎஸ்ஏவின் முத்திரையில் மூன்று துப்பாக்கிகள் ஏன் இருக்கின்றன என்று கேட்காத பையன் கிடையாது. அது ஆதியில் பர்மிங்காமில் துப்பாக்கி செய்த கம்பெனி. சக்கரக் கம்பியை எண்ணிப் பார்த்துவிட்டு, முன்னால் 32, பின்னால் 40, ஏன் அண்ணே சமமாக இல்லை என்று கேட்பார்கள். ஆளின் பாரமும் மிதிக்கிற வேகமும் பின்சக்கரத்தில்தானே விழுகிறது, அதற்குத்தான்.

மார்த்தாண்டத்திலிருந்து: எங்கள் அப்பா சின்ன வயதில் கியர் சைக்கிளுக்கு ஏங்கினாராம். ஆரல்வாய்மொழி மாமாவைக் கேட்டால் வளைந்த ஹேண்டில்பார்தான் கனவு என்கிறார். ஒரே மாவட்டம், ஒரே வயது. ஏன் இப்படி?

இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் நில அமைப்பு மாற மாற ஆசையும் மாறியது.

உங்கள் அப்பா விளவங்கோட்டுக்காரர். மேல்புறம், அருமனை, குலசேகரம் பக்கமெல்லாம் ஏற்றமும் இறக்கமும்தான். ரப்பர் ஷீட்டோ மரச்சீனி மூட்டையோ கேரியரில் இருந்தால், பாதி வழி இறங்கித் தள்ளத்தான் வேண்டும். சாதாரண நம்மூர்ச் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் ஓடும். சமதளத்துக்கு அது சரி, அருமனை ஏற்றத்துக்கு முழங்கால் கழன்றுவிடும். முன்னும் பின்னும் ஒரே அளவு பல் இருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டும், ஏற்றம் பூப்போல ஏறலாம். வெளியூர்ச் சைக்கிளில் அப்படி இருக்கிறது என்று கேள்விப்பட்டவனுக்கு எப்படித் தூக்கம் வரும்? '10 கியர்' என்றால் மோட்டார் சைக்கிள் மாதிரி ஒரு பெட்டிக்குள் பத்துச் சக்கரம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். முன்னால் இரண்டு, பின்னால் ஐந்து, பெருக்கினால் பத்து என்று படம் போட்டுக் காட்டினால் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரியும்.

மாமா தோவாளைத் தாலுகா. அங்கே மேடு பள்ளம் பெரிதாக இல்லை, காற்றுதான் எதிரி. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசுகிற காற்றில், வள்ளியூரிலிருந்து நாகர்கோவில் பக்கம் மிதித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிற்பாடு முப்பந்தலில் காற்றாலை நட்டது சும்மா இல்லை. நிமிர்ந்து உட்கார்கிற சைக்கிளில் நெஞ்சே பாய்மரம். குனிந்து ஓட்டுகிற ஹேண்டில்பாரைப் படத்தில் பார்த்ததும் அவர்களுக்கு அதன் அருமை உடனே புரிந்தது.

பிரான்ஸைச் சுற்றி நாள் கணக்கில் ஓடுகிற சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸின் 1989 படம் ஒன்றைப் பூதப்பாண்டிப் பையன் ஒருவன் கடைக்குக் கொண்டுவந்தான். கிரெக் லெமாண்ட் கடைசி நாளில் 50 விநாடி பின்தங்கியிருந்து, லோரான் ஃபினியோனை மொத்தக் கணக்கில் 8 விநாடியில் ஜெயித்த பந்தயம். லெமாண்டின் ஹேண்டில்பாரில் முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு கம்பி, முழங்கை இரண்டையும் ஒடுக்கி அதன்மேல் சாய்ந்திருப்பார். "இதே மாதிரி வளச்சுத் தாருங்க அண்ணே, நம்ம காத்துக்குச் செஞ்சதுதான் இது" என்றான் பையன். கேரியர் கம்பியை வளைத்து ஒன்று செய்துகொடுத்தோம். பிரேக் எட்டாது என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

இனி கடற்கரை. குளச்சல், முட்டம், மணக்குடிப் பிள்ளைகளுக்கு கியரும் வேண்டாம், வளைவும் வேண்டாம். உப்புக்காற்றில் புதுச் சைக்கிளின் ரிம் ஒரு மழைக்காலம் தாண்டாது. ஞாயிறுதோறும் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள், அப்படியும் கம்பிகளின் நுனியில் சிவப்பு ஏறிவிடும். வெளிநாட்டுச் சைக்கிளில் அலுமினிய ரிம், துருவே பிடிக்காது என்று கேள்விப்பட்டதும் அவர்கள் பார்த்த பார்வை இருக்கிறதே! வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கொட்டாரத்திலிருந்து: கன்னியாகுமரிக்கு வெள்ளைக்காரர்கள் சைக்கிளிலேயே வருவார்களாமே, நிஜமா?

நிஜம். காஷ்மீர் முதல் குமரி வரை என்று கிளம்புகிற எல்லாருக்கும் நம் ஊர்தானே முடிவு. லாட்ஜ் வராந்தாவில் சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டுச் சூரிய அஸ்தமனம் பார்க்கப் போவார்கள். செய்தி எப்படியோ நாகர்கோவில் வரை வந்துவிடும், 20 கிலோமீட்டர் மிதித்துப் போய்ப் பார்ப்போம்.

நான் பார்த்தவற்றில் ஒன்று பச்சை நிறம். பெயின்ட் உரிந்து, மண் அப்பி, பார்வைக்கு நம் வாடகைச் சைக்கிளைவிட மோசம். சீட்டுக்குக் கீழே 'ரேனால்ட்ஸ் 531' என்று சின்ன ஸ்டிக்கர். அது விலாசமா, லைசென்ஸ் நம்பரா என்று எங்களுக்குள் சண்டை. அது குழாயின் பெயர், இரும்பிலேயே எடை குறைந்த, வலுவான ரகம் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. பின்சக்கரத்துக்குக் கீழே இரண்டு குட்டிப் பல்சக்கரங்கள் தொங்கின. பெடலைப் பின்னால் சுற்றியதும் செயின் அவற்றின் வழியாக வளைந்து வளைந்து போனது. அந்த இடுக்கெல்லாம் கருப்பு மசி, எந்த ஊர்ப் புழுதியோ. அச்சில் நட் இல்லை, ஒரு சின்ன நெம்புகோல். சொந்தக்காரர் வந்து அதைத் திருப்பி ஸ்பானரே இல்லாமல் சக்கரத்தைக் கையில் எடுத்துக் காட்டினார். கூட வந்தவன் கேட்டது ஒரே கேள்வி: "அப்ப களவு போகாதா?"

அந்த மாதிரிச் சைக்கிளைப் பணம் இருந்தாலும் இங்கே வாங்க வழியில்லை. நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாடு 2001-இல்தான் முழுதாக நீங்கியது. ஷிமானோ, சன்டூர் என்ற ஜப்பான் கியர் கம்பெனிகளின் பெயர்களை நாங்கள் தெரிந்துகொண்டது இப்படி அடுத்தவர் சைக்கிளில் படித்துத்தான்.

கோட்டாறிலிருந்து: எங்கள் தாத்தா 'அசல் ராலி' என்று ஒன்றை வைத்திருந்ததாகப் பெருமை பேசுவார்கள். அசல், நகல் என்ன வித்தியாசம்?

நகல் என்று சொல்லாதீர்கள், பாவம். நாட்டிங்காமில் செய்தது ஒன்று, வங்காளத்தில் ஆசன்சோலில் சென்-ராலி தொழிற்சாலையில் செய்தது ஒன்று. நம் பக்கம் ஓடியவற்றில் பெரும்பாலானவை இரண்டாவது வகை, அதுவும் நல்ல சைக்கிள்தான். அதே மாதிரி ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, பிலிப்ஸ் எல்லாம் இங்கிலீஷ் பெயர்கள், செய்தது சென்னை அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ். ஆனாலும் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும்போது 'சீமை ராலி' என்று சொன்னால்தான் பெண் வீட்டுக்கு மரியாதை. உங்கள் வீட்டுச் சைக்கிளின் பின்சக்கரத்து நடுவில் மூன்று கியர் உள்ள ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் இருந்தால் துடைத்துப் பாருங்கள், ஹப்பின் மேலேயே அது செய்த வருடம் குத்தியிருக்கும்.

திங்கள்சந்தையிலிருந்து: எஸ்எல்ஆரா, ரேஞ்சரா? எது பெரிய கனவு?

எண்பதுகள் என்றால் பிஎஸ்ஏ எஸ்எல்ஆர், தொண்ணூறுகள் என்றால் ஹீரோ ரேஞ்சர். ஒன்றுக்கு ஒல்லி டயர், மற்றதற்குத் தடி டயர். என்னைக் கேட்டால் எஸ்எல்ஆர். ரேஞ்சர் பார்க்கக் கம்பீரம், ஆனால் கியர் இல்லாமல் அந்த டயரை மிதிப்பதற்கு மாடாகப் பிறக்க வேண்டும். ரேஞ்சர் ரசிகர்கள் கோபப்படட்டும்.

குளச்சலிலிருந்து: கல்ஃபிலிருந்து யாரும் கொண்டுவரவில்லையா?

டேப்ரிக்கார்டர் வந்தது, சென்ட் வந்தது, சைக்கிள் வந்து நான் பார்த்ததில்லை. வந்தது போட்டோதான். துபாயிலோ குவைத்திலோ முதலாளி வீட்டுப் பிள்ளையின் சைக்கிள் பக்கத்தில் நின்று மாமா எடுத்துக்கொண்ட படம். மாமாவைப் பார்க்கத்தான் அனுப்பினார்கள், மருமகன் பார்த்தது பின்னால் இருந்த சைக்கிளை. ஒரு பையன் அந்தப் படத்தைப் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குள் வைத்து மூலை மடங்கியே போயிற்று. படத்தில் மாமாவின் கால் மறைத்திருந்ததால் அதற்குப் பின்பிரேக் உண்டா இல்லையா என்று மட்டும் கடைசிவரை தீரவில்லை.

சுசீந்திரத்திலிருந்து: மாமா, எல்லாம் பையன்கள் கதையாகவே இருக்கிறதே. பெண்பிள்ளைகளுக்குக் கனவு சைக்கிள் இல்லையா?

இருந்தது மக்கா, கடையில் வந்து சொல்ல மாட்டார்கள். தம்பியோடு வருவார்கள். தம்பி சைக்கிளைப் பார்க்கும்போது அக்கா ஓரமாக நின்று நடுவில் பார் இல்லாத சைக்கிளைத் தொட்டுப் பார்ப்பாள். பின்சக்கரத்தில் துணி சிக்காமல் வலை, செயினை முழுதாக மூடிய தகரம், முன்னால் கூடை. இதில் கூடைதான் ஆசை, மற்றதெல்லாம் அம்மாவைச் சம்மதிக்க வைக்க. ஆனாலும் நிறையப் பேர் கற்றுக்கொண்டது அப்பாவின் 24 இஞ்ச் பிரேம் சைக்கிளில், பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுத்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்றார்கள் என்ற செய்தி வந்த பிறகு, தனியாகவே வந்து விலை கேட்ட பெண்கள் உண்டு.

இரணியலிலிருந்து: வாடகைச் சைக்கிளில் ஏது கனவு?

ஏன் இல்லை? மட்கார்டில் நம்பர் எழுதியிருக்கும், எந்த நம்பர் இழுக்கும், எது இழுக்காது என்று எல்லாருக்கும் தெரியும். நல்ல நம்பர் வெளியே போயிருந்தால் அது வருகிற வரை கடைத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்திலேயே நாலு சைக்கிள் சும்மா நிற்கும்.

பார்வதிபுரத்திலிருந்து: கடைசிவரை அந்தக் கனவு சைக்கிள் யாருக்காவது கிடைத்ததா அண்ணாச்சி?

முழுசாக யாருக்கும் இல்லை, துண்டாக நிறையப் பேருக்கு. அன்றைக்குச் சைக்கிளே அப்படித்தான் விற்றது. கம்பெனியிலிருந்து பிரித்துக் கட்டாகத்தான் வரும், கடையில்தான் பூட்டுவோம். டயர் எந்தக் கம்பெனி, சீட் எது, கேரியர், ஸ்டாண்ட், பெல், டைனமோ எல்லாம் வாங்குகிறவர் இஷ்டம், தனித்தனிக் காசு. அதனால் படத்தில் பார்த்ததில் எது கைக்கு எட்டுமோ அதை மட்டும் வாங்கிப் பூட்டினார்கள். ரோட்ஸ்டரின், அதாவது நம் சாதாரணச் சைக்கிளின், ஹேண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் கொஞ்சம் குனியலாம். மட்கார்டையும் செயின் மூடியையும் கழற்றினால் எடை குறையும், மழையில் முதுகெல்லாம் சேறு. குலுக்கல் சீட்டில் சைக்கிள் விழுந்த ஒரு தம்பி, மிச்சமான பணத்தையெல்லாம் டைனமோவுக்கும் இரட்டை லைட்டுக்கும் போட்டான். 6 வோல்ட், 3 வாட். இரண்டு பல்பையும் சேர்த்து எரிய வைக்க வேண்டுமானால் இறக்கத்தில்தான் முடியும், ஏற்றத்தில் இரண்டும் மின்மினிதான். அதற்காகவே ராத்திரியில் சுற்று வழியாக இறக்கம் தேடிப் போவான்.

கருங்கல், குழித்துறை, இன்னும் பல ஊர்களிலிருந்து: அந்தப் பழைய சைக்கிள் ஒன்று இப்போது வாங்கி ஓட்ட வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது, என்ன விலை?

விலையை நான் சொன்னால் நாளைக்கே ஏறிவிடும். பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். புது பெயின்டை நம்பாதீர்கள், சைக்கிளைக் கவிழ்த்துப் பெடல் அச்சு இருக்கிற குழாயின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். தண்ணீர் இறங்கித் தங்குகிற இடம் அது, துருப்பிடித்திருந்தால் சத்தம் மாறும். கடற்கரைச் சைக்கிள் என்றால் சீட் கம்பி மேலும் கீழும் அசைகிறதா என்று பாருங்கள், இறுகிப்போயிருந்தால் எடுப்பது பெரும்பாடு. 28க்கு ஒன்றரை டயர் இன்றும் கிடைக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். நாட்டிங்காம் ராலி என்றால் பெடல் அச்சைத் தாங்குகிற கப்பின் மரை வேறு, இஞ்சுக்கு 26. மற்றச் சைக்கிளின் கப் அதில் ஏறாது, பழைய கப்பை எறிந்துவிடாதீர்கள். உள்ளே உருளுகிற பால்ரஸ் குண்டுகளை மட்டும் புதிது போடுங்கள். பெடல் தண்டை அச்சோடு இறுக்குகிற காட்டர் பின் வாங்கினால் ஜோடியாக வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பெடல் இரண்டும் நேர்க்கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது நொண்டும்.