தலைக்கணக்கு – கடிதம்

வணக்கம் ஐயா,

குடியுரிமைச் சான்றுகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். நாங்கள் பந்தலூர் பக்கம். அப்பா தமிழ்நாடு அரசின் தேயிலை நிறுவனமான டான்டீயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாட்டி, தாத்தா, அப்பா மூவரும் 1974இல் இலங்கையின் மஸ்கெலியாவிலிருந்து வந்து சேர்ந்தார்கள். பாட்டியின் அப்பா 1923இல் துறையூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சிலோனுக்குப் போனாராம். பாட்டி 1938இல் அங்கேதான் பிறந்தார்.

இலங்கை மலையகத்தில் தோட்டத் தமிழர்களின் வாக்குரிமை பறிபோனது பற்றி வீட்டில் அடிக்கடி பேச்சு வரும். இலங்கைத் தமிழர் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் செய்த துரோகம் என்கிறான் என் நண்பன். சிங்கள இனவாதம், அவ்வளவுதான் என்கிறார் மாமா. உங்கள் கருத்து என்ன? இன்னொன்று: அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன் என்றால் நாங்கள் உண்மையில் யார்?

பாட்டியிடம் பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருக்கின்றன. மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டன. லேமினேட் செய்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

கே.
கோவை

அன்புள்ள கே.,

பொன்னம்பலத்தை முதலில் முடித்துவிடுவோம். இந்தப் பேச்சில் எல்லோரும் அவரைத்தான் முதலில் இழுப்பார்கள். குடியுரிமைச் சட்டம் 1948 ஆகஸ்டில் இலங்கை நாடாளுமன்றத்துக்கு வந்தபோது அவர் எதிர்த்தே வாக்களித்தார். செப்டம்பரில் பிரதமர் டி.எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் சேர்ந்தார். டிசம்பரில் வந்த இரண்டாவது சட்டத்தை, அதாவது இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தை, ஆதரித்தார். அதை ஏற்காமல் அவருடைய கட்சியிலிருந்து பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஆக, துரோகம் என்று உங்கள் நண்பர் சொல்வதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆனால் முதல் சட்டம் பொன்னம்பலம் எதிர்த்தும் நிறைவேறியது. பெரிய சேதத்தைச் செய்ததும் அதுதான்.

மாமா சொல்வதும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பதிலோடு நின்றால் ஒரு கேள்வி மிஞ்சும். காப்பித் தோட்டக் காலத்தில் தொடங்கி நூறு வருஷத்துக்கு மேல் இந்த ஜனங்கள் அந்த மலையில் இருந்தார்கள். காட்டை வெட்டினார்கள், ரோடு போட்டார்கள். காப்பி நோய் வந்து அழிந்தபின் தேயிலை நட்டார்கள். விடியலில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலை ஏறினார்கள். அவ்வளவு காலமும் உன் அப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி ஏன் சரியாக 1948இல் வந்தது?

ஏனென்றால் 1947இல் தேர்தல் நடந்தது. இலங்கையில் 1931லேயே எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. தோட்டத்து ஜனங்களுக்கு மட்டும் வதிவிட நிபந்தனைகளோடு. 1939இல் நேரு கொழும்புக்குப் போனபோது தோட்டத்து ஜனங்களின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவானது. 1946 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்று பதிவானவர்கள் ஏறத்தாழ 7,80,000. வடக்கு கிழக்கின் இலங்கைத் தமிழர்கள் ஏறத்தாழ 7,33,000. நம்மில் பலருக்கு இது தெரியாது. எண்ணிக்கையில் தோட்டத்து லயத்துக்காரர்களே அதிகம்.

1947 தேர்தலில் 95 இடங்கள். இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களைப் பிடித்தது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, உங்கள் மஸ்கெலியாவில் ஜி.ஆர். மோத்தா. வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. சேனநாயக்காவின் கட்சிக்குக் கிடைத்தது 42, தனிப்பெரும்பான்மைக்குப் போதாது. பாட்டியின் அப்பா, அந்தத் துறையூர் தாத்தா, அந்த வருஷம் ஓட்டுப் போட்டாரா என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அப்போது பாட்டிக்கு ஒன்பது வயது, நினைவிருக்கலாம்.

அடுத்த வருஷம் சட்டம் வந்தது. அதில் இந்தியன் என்ற சொல்லும் தமிழன் என்ற சொல்லும் கிடையாது. அதன் சாமர்த்தியமே அதுதான். 1948 நவம்பர் 15க்கு முன் இலங்கையில் பிறந்தவர் குடிமகனாக வேண்டுமென்றால் அவருடைய அப்பா இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பா வழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான் சொல்கிறது. பாட்டியை இதில் வைத்துப் பாருங்கள். மஸ்கெலியாவில் பிறந்தவர், ஆனால் அப்பா துறையூர்க்காரர். தள்ளுபடி. அந்தத் தேதிக்குப் பின்னால் பிறந்தவர்களுக்கு அப்பா குடிமகனாக இருக்க வேண்டும். உங்கள் தாத்தாவுக்குப் பிரஜாவுரிமை இல்லை, ஆகவே உங்கள் அப்பாவுக்கும் இல்லை. அம்மா வழியைச் சட்டம் கண்டுகொள்ளவே இல்லை.

அடுத்து 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு என்றார்கள். பட்டியலிலிருந்து பெயர்கள் போயின. அன்றைய இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பில் எந்த ஒரு சமூகத்தையும் குறிவைத்துச் சட்டம் செய்யக்கூடாது என்று 29ஆம் பிரிவு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அன்று கடைசி முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். 1953இல் தீர்ப்பு வந்தது: இது குடியுரிமை பற்றிய சட்டம், ஒரு நாடு தன் குடிமக்கள் யார் என்று வரையறுத்துக்கொள்ளலாம், இதில் பாகுபாடு இல்லை. சட்டத்தில் பெயர் இல்லையே!

1952 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசுக்கு ஓரிடமும் இல்லை.

இனி நான் உங்களிடம் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஓட்டுப் போனது, சரி. அந்தத் தொகுதிகள் என்ன ஆயின? பலர் இதைக் கேட்பதே இல்லை. அவை அப்படியே இருந்தன. 1946இல் எல்லை வகுத்தபோது 75,000 பேருக்கு ஓர் இடம், அதோடு ஆயிரம் சதுர மைலுக்கு ஒன்று என்று வைத்தார்கள். அந்த 75,000 பேரில் தோட்டத்து ஜனங்களும் அடக்கம். ஓட்டைப் பிடுங்கியபின் அந்தத் தலைகளைக் கழித்துவிட்டு எல்லையைத் திரும்ப வகுத்தார்களா? இல்லை. 1952லும் 1956லும் அதே எல்லைகள்தான். இடையில் குடிமக்களை மட்டும் எண்ண வேண்டும் என்று ஒரு திருத்தம் வந்து, நடைமுறைக்கு வருமுன்பே மாறியது. 1959இல் மீண்டும் வகுத்தபோது எல்லாத் தலைகளையும்தான் எண்ணினார்கள்.

அதாவது, மலைநாட்டுக்கு எத்தனை உறுப்பினர்கள் என்று கணக்குப் போடும்போது உங்கள் பாட்டி ஓர் ஆள். அந்த உறுப்பினர் யார் என்று தேர்ந்தெடுக்கும்போது அவர் ஆளே இல்லை. ஓட்டு இல்லாதவர்களின் எண்ணிக்கையால் வந்த இடங்களில், ஓட்டு இருந்த கண்டிச் சிங்களர்களின் ஒரு வாக்குக்குக் கொழும்புக்காரரின் வாக்கைவிடக் கனம் கூடியது. சில மலைத் தொகுதிகளில் வாக்காளர் பட்டியல் சில ஆயிரம் பேராகச் சுருங்கிப்போனது. வெறும் வெறுப்பாக இருந்திருந்தால் தலைகளையும் சேர்த்துக் கழித்திருப்பார்கள். இது கணக்குத் தெரிந்தவர்கள் செய்த வேலை.

இரண்டாவது சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்ததாகச் சொல்வார்கள். மணமானவர் 7 வருஷம், மணமாகாதவர் 10 வருஷம் தொடர்ந்து குடியிருந்ததை நிரூபித்து மனுப் போடலாம். ஊருக்குப் போய் 12 மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்தது. இரண்டே வருஷம் கெடு. இலங்கை இந்தியர் காங்கிரஸ் முதலில் புறக்கணிக்கச் சொல்லிவிட்டுக் கடைசியில் மனுப் போடச் சொன்னது. அதையும் சொல்லத்தான் வேண்டும். 8 லட்சம் பேருக்கு மேல் மனுவில் இருந்தார்கள். 1964 வாக்கில் கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு.

என்ன நடந்திருக்கும் என்பதை நான் கோத்தகிரியில் ஒரு வீட்டில் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு எண்பது இருக்கும். தகரப் பெட்டியிலிருந்து நான்கு தாள்களை எடுத்துப் போட்டார். ஒன்றில் அவர் பெயர் ராமாயி, இன்னொன்றில் ராமாய், மூன்றாவதில் ரெமாய். தோட்டத்து ஆபீஸில் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியது. பிறந்த வருஷம் நான்கிலும் நான்கு. “எது சரிம்மா?” என்றேன். “துரை எழுதுனது ஒண்ணு, கணக்கப்புள்ள எழுதுனது ஒண்ணு. எங்களக் கேட்டா எழுதுனாங்க?” என்றார். இந்தத் தாள்களை வைத்துக்கொண்டு வக்கீல் வைத்து வாதாடி, ஆணையரிடம் தொடர்ந்து குடியிருந்ததை நிரூபிக்க வேண்டும்.

இரு நாட்டுப் பிரதமர்களும் இந்த ஜனங்களைப் பங்கு போட்டுக்கொண்ட 1964 அக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இவர்கள் இலங்கையின் மக்கள் என்று கடைசிவரை சொன்ன நேரு, ஒப்பந்தத்துக்கு முன் 1964 மே மாதம்தான் இறந்திருந்தார். 1962 சீனப் போருக்குப் பிறகு டெல்லிக்கு அண்டை நாட்டின் தயவு வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்ட சிறிமாவோவின் அரசில் நிதியமைச்சர் யார் தெரியுமா? 1948இல் குடியுரிமைச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்த இடதுசாரிச் சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேரா. பொன்னம்பலத்தைத் திட்டும் நம் இடதுசாரி நண்பர்களுக்கு இந்தப் பெயர் மட்டும் ஏனோ ஞாபகம் வருவதில்லை.

ஜனங்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. மனுவில் சொன்னார்கள். ஒப்பந்தப்படி மனுப் போடும் கெடு முடிந்த 1970 வாக்கில் இந்தியாவுக்கு எழுதியவர்கள் ஏறத்தாழ 4 லட்சம், இலங்கைக்கு எழுதியவர்கள் 6 லட்சத்துக்கு மேல். ஒப்பந்தக் கணக்கு நேர்மாறு. அப்புறம் 1973–74இல் தோட்டங்களில் பஞ்சம் வந்தது, பட்டினிச் சாவுகள் நடந்தன. பாட்டி வந்தது 1974 என்று எழுதியிருக்கிறீர்கள். விரும்பி வந்தாரா, பசிக்கு வந்தாரா என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்கள் கேட்கலாம்.

தலைமன்னாரில் ஏறி ராமேசுவரத்தில் இறங்கியவர்களை மண்டபம் முகாமில் தங்கவைத்தார்கள். அந்த முகாம் முன்பு சிலோன் அரசாங்கம் நடத்தியது. தோட்டத்துக்குப் போகிற கூலிகளை நோய் இருக்கிறதா என்று பார்த்து, நாள் கணக்கில் நிறுத்திவைத்துக் கப்பலேற்றிய இடம். 1923இல் துறையூர் தாத்தா போன வழியும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். மகள் திரும்பி வந்தபோது அதே காம்பவுண்டில் இந்திய அதிகாரிகள் வரிசையில் நிற்கவைத்தார்கள். பிறகு நீலகிரியில் தமிழ்நாடு அரசின் வனத்துறை 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம், மறுபடியும் கொழுந்து, மறுபடியும் கூடை.

நீங்கள் யார் என்ற கேள்விக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. அங்கே தங்கிவிட்டவர்களில் பலர் 1980களில்தான் மெல்ல மெல்லக் குடியுரிமை பெற்றார்கள். 2003 சட்டத்தோடுதான் அது முடிந்தது. இன்று அவர்கள் மலையகத் தமிழர் என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தே போனார்கள், முன்னோர்கள் காட்டு வழியில் நடந்த அதே திசையில். இந்தியாவுக்கு வந்த நீங்கள் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாமா என்றால், தாராளமாக. யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்கமாட்டார்கள். ஆனால் 1983க்குப் பிறகு அகதியாக வந்து தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் மலையக வம்சாவளியினர் உங்களைப்போல இல்லை. அவர்களுடைய தாத்தாக்களும் ஒப்பந்தத்தில் எண்ணப்பட்டவர்களாக இருக்கலாம். அவர்களில் பெரும்பாலோரைச் சட்டம் குடிமக்களாகப் பார்ப்பதில்லை. 2019 இந்தியக் குடியுரிமைச் சட்டத் திருத்தத்திலும் இலங்கை இல்லை. உங்கள் குடும்பத்துக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் பாட்டியிடம் இருக்கும் அந்த இரண்டு தாள்கள்தான்.

ஆகவே லேமினேட் செய்யாதீர்கள். பழைய தாள் சூட்டில் ஒட்டிக்கொண்டால் அப்புறம் பிரிக்கவே முடியாது, ரப்பர் முத்திரையின் மையும் கலங்கலாம். ஒவ்வொரு பக்கத்தையும், வெற்றுப் பக்கம் உட்பட, வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள். மடிப்பைப் பிரித்து, தட்டையாக, தனித்தனிக் கவரில் வையுங்கள். பாஸ்போர்ட்டில் தோட்டத்தின் பெயர் இருந்தால் எனக்கு எழுதுங்கள். எந்த டிவிஷன் என்பதை மட்டும் பாட்டியிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.