வலி மாத்திரையை மணி பார்த்துப் போடுங்கள்

பாம்பனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் வீட்டுக்காரர் விசைப்படகில் வேலை பார்க்கிறார். இடுப்பு ஜவ்வு விலகி, மே 20 அன்று மதுரையில் ஆபரேஷன் நடந்தது. மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று, தாங்க முடியாத வலி வந்தால்தான் போடுகிறார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் கடலுக்குப் போகலாமா?"

அவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது, அம்மா. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகமும் வயிறும் கெடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் ஆபத்து அதிகம். ஆனால் கிட்னி நன்றாக இருப்பவர், டாக்டர் எழுதிய நாட்களுக்கு மட்டும் சாப்பிட்டபின் போடுவதற்கு இவ்வளவு பயப்பட வேண்டாம். வலி முற்றியபின் போட்டால், மாத்திரை வேலை செய்யவே அரை மணி, ஒரு மணி நேரமாகும். அதுவரை மனிதர் முதுகை விறைத்துக்கொண்டு படுத்தே கிடப்பார். அப்படியே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம். எழுந்து நடப்பதற்காகத்தான் மாத்திரையே. எனவே முதல் சில வாரம் மணி பார்த்துக் கொடுங்கள். குறைக்கும்போது, டாக்டரிடம் கேட்டு, டிரமடால் என்ற வீரியமான வலி மாத்திரையை முதலில், பாராசிட்டமாலைக் கடைசியில் நிறுத்துங்கள்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அசெக்ளோஃபெனாக், டிரமடால் மாத்திரைகள் பலவற்றில் 325 மில்லிகிராம் பாராசிட்டமால் சேர்ந்தே இருக்கும். அதற்கு மேல் உடம்பு வலிக்கு என்று தனியாக 650 மில்லிகிராம் பாராசிட்டமாலையும் போட்டால் கணக்கு ஏறிவிடும். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. மெலிந்தவர், குடிப்பவர் என்றால் அதைவிடக் குறைவு. டிரமடால் போடும்போது மது ஒரு சொட்டும் ஆகாது. டிரமடால் மலத்தையும் இறுக்கும். முக்கினால் இடுப்பில் வலி எடுக்கும். தண்ணீர், கீரை, பழம் போதவில்லை என்றால் மலமிளக்கி கேட்டு வாங்குங்கள்.

தரையில் பாய் வேண்டாம், கட்டில்தான். எழும்போது முட்டியை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். நடை ஒரு தடவைக்கு பத்து நிமிடம், நாளைக்கு நாலைந்து முறை. கால் புதையும் கடற்கரை மணலில் வேண்டாம், தார் ரோட்டில். கரையில் குனிந்து உட்கார்ந்து மணிக்கணக்கில் வலை பின்னுவதும் இப்போது கூடாது. ஜவ்வு நரம்பை அழுத்தியதால் வந்த கால் வலி சீக்கிரம் விடும். மரமரப்பு போக மாதங்கள் ஆகலாம்.

சரி, கடல். ஜூன் 14 அன்று தடை முடியும்போது ஆபரேஷன் ஆகி நான்கு வாரம்கூட ஆகியிருக்காது. மடி வலை இழுக்க, ஐஸ் பெட்டி தூக்க, அலையில் படகு தூக்கிப் போடுவதைத் தாங்க மூன்று மாதமாவது வேண்டும், அதுவும் டாக்டர் பார்த்துச் சொன்னபின். வலி இல்லையே என்று அவர் சொன்னால், அது மாத்திரை தந்த சுகம். வருமானம் நிற்கும் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஜவ்வு மறுபடி பிதுங்கினால் திரும்பவும் கத்திதான்.

சிறுநீர் வராமல் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ நடு ராத்திரியானாலும் 108ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சல், தையலில் நீர் கசிவு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.